அந்த ஊசி வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 34. உயரம் 170 செ.மீ., எடை 108 கிலோ. ஐந்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டதில்லை. மூன்று மாத சராசரி 9.4. திருமணமாகி நான்கு வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும் எடுத்தாகிவிட்டது, குறை ஒன்றும் இல்லை. என் விந்துப் பரிசோதனையில் அளவு 0.4 மில்லி, எண்ணிக்கை மில்லிக்கு 60 லட்சம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் குறைவாம். ஜிம் நண்பர் ஒருவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார். போடலாமா? - பெயர் வேண்டாம்

பதில்: போடாதீர்கள். அந்த ஹார்மோனை வெளியிலிருந்து ஏற்றினால், ‘வேண்டிய அளவு இருக்கிறது’ என்று பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்குத் தரும் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி அப்படியே படுத்துவிடும். உடம்பை முறுக்கேற்ற ஊசி போட்டுக்கொண்டு, எண்ணிக்கை பூஜ்யம் என்ற ரிப்போர்ட்டோடு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறுத்திய பிறகும் பழைய நிலைக்கு வரப் பல மாதம் பிடிக்கும்.

சரி, உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம். எல்லோரும் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். எனக்கு உறுத்துவது அந்த 0.4. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த கீழ் வரம்பே 1.4 மில்லி. மாதிரி எடுக்கும்போது முதல் துளிகள் தவறிப்போயினவா? இல்லையென்றால் அடுத்த கேள்வி: உறவுக்குப் பின் போகும் சிறுநீர் கலங்கலாக இருக்கிறதா?

விந்து வெளியேறும் நேரத்தில் சிறுநீர்ப்பையின் வாய் இறுக மூடிக்கொள்ள வேண்டும். பல வருடம் கட்டுப்படாத சர்க்கரை, அதை மூடவைக்கும் நரம்புகளைக் கெடுத்துவிடும். அப்போது விந்து முன்னால் வராமல் பின்னால் பைக்குள் போய்விடும். ஆபத்தில்லை, சிறுநீரோடு வெளியேறிவிடும். ஆனால் கரு எப்படி உண்டாகும்? விந்து வெளியேறியதும் போகும் சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். அதில் விந்தணு இருந்தால் உங்கள் 60 லட்சம் பாதிக் கணக்குதான். பையின் வாயை இறுக்க மாத்திரை உண்டு. அதுவும் கேட்காவிட்டால் சிறுநீரிலிருந்தே விந்தணுவைப் பிரித்து எடுத்துச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம்.

டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததற்குப் பெரும்பாலும் வயிற்றுக் கொழுப்பைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். கொழுப்பில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அது ஏறினால் பிட்யூட்டரி அடங்கிப்போகும். ஊசி செய்யும் அதே வேலைதான்! அப்புறம் சூடு. விரைகள் உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். தொடைச் சதைக்கு நடுவில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தால் அதற்கு எங்கே வழி? சர்க்கரை இன்னொன்றும் செய்யும்: விந்தணுவின் மரபுப் பொருளைச் சிதைக்கும். சாதாரண ரிப்போர்ட்டில் இது தெரியாது.

எடை குறையக் குறைய டெஸ்டோஸ்டிரோன் தானாக ஏறும். எண்ணிக்கை எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. ஒரு விந்தணு உருவாகவே 70 நாளுக்கு மேல் ஆகும். அதனால் இன்று சர்க்கரை மாத்திரையையும் நடையையும் ஆரம்பித்துவிட்டு, மறு பரிசோதனையை மூன்று மாதம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே எடுங்கள்.

விறைப்பு பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. குறை இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். 34 வயதில் சர்க்கரையோடு அது வந்தால், இதய ரத்தக்குழாய்களையும் பார்த்துவிடச் சொல்வேன்.