பெரியப்பா சொல்லும் தள்ளுபடி

அன்புள்ள ஐயா,

எங்களுக்குச் சேலம் அம்மாபேட்டை. அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார். பொறியியல் படிக்க ஒரு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வருடம் ஒரு லட்சம் வீதம் 4 லட்சம் கல்விக் கடன் வாங்கினேன். 10 சதவீத வட்டி. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்து இப்போதுதான் ஓசூரில் வேலை கிடைத்தது. கைக்கு 19,000 வருகிறது. வங்கியில் கேட்டால் பாக்கி 5,40,000 என்கிறார்கள். “கட்டாதே, எப்படியும் தள்ளுபடி ஆகும், கட்டுகிறவன்தான் ஏமாளி” என்கிறார் பெரியப்பா. கூட்டுறவில் அவருடைய நகைக்கடன் தள்ளுபடி ஆனது. நான் என்ன செய்வது?

ம., சேலம்

அன்புள்ள ம.,

பெரியப்பா மேல் தப்பில்லை, அவர் கண்ணால் கண்டதைச் சொல்கிறார். 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியை அறிவித்த முதல்வர் உங்கள் மாவட்டத்து எடப்பாடிக்காரர். அடுத்து வந்த அரசு 5 பவுன் வரைக்குமான கூட்டுறவு நகைக்கடனைத் தள்ளுபடி செய்தது. ஆனால் இரண்டும் கூட்டுறவுக் கடன்கள். கூட்டுறவுச் சங்கம் மாநில அரசின் பிடியில் இருப்பது. அரசு பணத்தைத் தவணையாகத் தந்தாலும் சங்கம் காத்திருக்கும். உங்கள் வங்கி அப்படிக் காத்திருக்காது. மாநில அரசு தள்ளுபடி என்று அறிவித்தாலும், கஜானாவிலிருந்து எடுத்து வங்கிக்குக் கட்டினால்தான் உங்கள் கணக்கு தீரும். மேடையில் வாக்குறுதி கொடுப்பது இதைவிடச் சுலபம்.

நான்கு லட்சம் எப்படி ஐந்து நாற்பது ஆனது? படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாமே தவிர, வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதல் வருடம் வாங்கிய லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000. அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. மொத்தம் 1,40,000. இது இப்போது அசலோடு சேர்ந்துவிட்டது. முதல் வருடம் மாதம் 833 ரூபாய்தான் வட்டி. அப்போதே அதைக் கட்டி வரலாம் என்று கையெழுத்து வாங்கியவர்கள் சொல்லியிருக்க வேண்டும். சரி, போகட்டும்.

இனி அந்த 5,40,000-க்கு மாதம் 4,500 வட்டி ஏறும். பெரியப்பா பேச்சைக் கேட்டு ஒரு வருடம் சும்மா இருந்தால் 54,000 கூடும். அதோடு, தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகும். இணைக்கடன்தாரர் உங்கள் அப்பாதானே? யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று பதிந்து வைக்கும் சிபிலில் அவர் பெயரும் கெடும். நாளைக்குச் சொந்தமாக ஒரு தறி போட அவர் கடன் கேட்டால் இது குறுக்கே நிற்கும். பெரியப்பாவுக்கு இதில் ஒரு நஷ்டமும் கிடையாது.

பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 7,140. ஓசூர் வாடகை, சாப்பாடு போக உங்களால் முடியாது. பதினைந்து வருடம் என்று கேளுங்கள், கல்விக் கடனில் அதுவரை இடமுண்டு. தவணை சுமார் 5,800 ஆகும். மொத்தத்தில் கூடுதலாக 1,90,000 போகும் என்பதும் உண்மை. சம்பளம் ஏறும்போது முன்கூட்டியே அசலில் கட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. குடும்ப வருமானம் வருடம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தவணை தொடங்கும்வரைக்குமான வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் 2009 முதல் இருக்கிறது. கல்லூரிக்கு நாக் (NAAC) தர அங்கீகாரமோ, படிப்புக்கு என்.பி.ஏ. (NBA) அங்கீகாரமோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கூலிக்குத் தறி ஓட்டுகிறவர் வீட்டில் வருமானம் தடையாக இருக்காது. அப்படியிருந்தும் முழு வட்டியும் உங்கள் தலையில் ஏறியிருக்கிறதென்றால், வங்கி அந்த மானியத்தைக் கேட்டு வாங்கவில்லை என்றே சந்தேகப்படுகிறேன். பழைய வருடங்களுக்கு இப்போது கிடைப்பது கஷ்டம். இருந்தாலும் வருமானச் சான்றிதழ் கொடுத்த தேதியைக் குறிப்பிட்டு, மானியம் கோரப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மேலாளரிடம் வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். மனுவின் நகலில் தேதியோடு வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.