சம்மட்டி அடி ரெண்டா, மூணா?

கேள்வி: சார், யூடியூப்ல ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலரோட ஆறாவது சிம்பொனி (பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுன நீண்ட இசை) கடைசிப் பகுதி பார்த்தேன். பின்வரிசையில ஒருத்தர் பெரிய மரச்சம்மட்டிய தலைக்கு மேல தூக்கி ஒரு மரப்பெட்டி மேல ஓங்கிப் போடுறார். ஒரு வீடியோல ரெண்டு அடி, இன்னொன்னுல மூணு. ஆர்கெஸ்ட்ராவ நடத்துற கண்டக்டர் இஷ்டத்துக்கு கூட்டிக் குறைச்சுக்கலாமா? - ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ரெண்டு பேர் மேலயும் தப்பில்லைங்க. மாலர் இத 1903, 1904ல எழுதுனார், கையெழுத்துப் பிரதியில அஞ்சு அடி வரைக்கும் யோசிச்சிருக்கார், மூணோட அச்சுக்குப் போச்சு, 1906 மே மாசம் ஜெர்மனியில எஸ்ஸன் ஊர்ல அவரே நடத்தி அரங்கேற்றினார், அப்புறம் திருத்துனப்ப மூணாவது அடிய அவரே பேனாவால அடிச்சுட்டார்.

ஏன்னு கேட்டா ஒரு கதை சொல்வாங்க. இந்த இசை சொல்ற கதையில விதி ஹீரோவ மூணு தடவை அடிக்குது, மூணாவதுல மரம் சாயுற மாதிரி சாயுறான்னு மனைவி ஆல்மா எழுதி வச்சிருக்காங்க, அதனால பயந்துதான் எடுத்தாராம். 1907ல மூத்த பொண்ணு இறந்தா, இவருக்கு இதயக் கோளாறுன்னு டாக்டர் சொன்னார், வியன்னா ஆப்பரா வேலையும் போச்சு, ஆக மூணு அடி. ஆனா காலண்டரப் பாருங்க, அடிய எடுத்தது அதுக்கெல்லாம் முன்னாடி.

இதுல பலர் கவனிக்காதது, அவர் சம்மட்டிய மட்டும் எடுக்கலை, அந்த இடத்துல மத்த வாத்தியங்களையும் இளைக்க வச்சு செலஸ்டாவ (சின்ன மணி மாதிரி ஒலிக்கிற கீபோர்டு வாத்தியம்) சேர்த்திருக்கார். அந்த மெலிஞ்ச இசை மேல மூணாவது அடிய மட்டும் கொண்டுவந்து போட்டா ஒட்டாது. கண்டக்டர்கள்ல பெர்ன்ஸ்டைன் மூணு அடிக்கிற கட்சி, பூலெஸ் ரெண்டு. இன்னொரு கண்டக்டர் பெஞ்சமின் சாண்டர் ஒரே ரெக்கார்டிங்ல ரெண்டு விதமாவும் கடைசிப் பகுதிய வாசிச்சுக் கொடுத்துட்டார், நீயே முடிவு பண்ணிக்கோன்னு. என் ஓட்டு ரெண்டுக்குத்தான். காது மூணாவதுக்குக் காத்துக்கிட்டே இருக்கும், வராது, எல்லாம் அடங்கி டிராம்போன்ங்கிற பித்தளை ஊதுவாத்தியம் முனகுறப்ப திடீர்னு முழு ஆர்கெஸ்ட்ராவும் ஏ மைனர்ங்கிற சோகமான ஸ்வரக்கூட்டுல ஒரு அறை அறையும் பாருங்க, அதுதான் நிஜ அடி.

சத்தம் தனிப் பிரச்சனை. சுருக்கமா, பலமா, ஆனா மந்தமா, உலோகச் சத்தம் இல்லாம, கோடாலி வெட்டு மாதிரி கேக்கணும்னு ஸ்கோர்லயே, அதாவது மாலர் எழுதுன இசைக்குறிப்புலயே இருக்கு. அதனால இரும்பு மேல இரும்பு கூடாது. ஆனா அந்த நேரம் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் உச்சத்துல கத்துது, அதுல மந்தமான சத்தம் எப்படிக் கேக்கும்? மாலரே தோல் போர்த்துன ராட்சசப் பெட்டி ஒன்னு செய்ய வச்சுப் பார்த்து, ஒத்திகையில அது சொதப்பிடுச்சுன்னு ஆல்மா சொல்றாங்க. இன்னிக்கும் ஒவ்வொரு ஆர்கெஸ்ட்ராவும் தன் தன் பெட்டிய தச்சுக்குது. இதுல டைமிங் வேற, அவ்ளோ கனத்த தூக்கி இறக்கவே நேரம் ஆகும், அதனால வாசிக்கிறவர் முன்கூட்டியே தூக்கிடணும், அரை வினாடி பிந்துனாலும் சோகம் காமெடி ஆயிடும்.

அதே சிம்பொனியில தூரத்துல மாட்டுமணி கேட்டிருப்பீங்களே? மேயுற மந்தை மாதிரி சில நேரம் கூட்டமா, சில நேரம் தனித்தனியா ஒலிக்கணும்னு எழுதியிருக்கார். சிலர் அத தாளம் தப்பாம சீரா ஆட்டுவாங்க, தெருவுல குல்ஃபி வண்டி வந்த மாதிரியே இருக்கும்.