எதை விடுவது, எதை விடாதிருப்பது?

கேள்வி: 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னந்தோப்பை ஒரே இரவில் சாய்த்துவிட்டது. கடன் வாங்கிக் கன்று வைத்தோம்; இப்போது காய்க்கிறது. ஆனாலும் ஐப்பசி பிறந்தால் எனக்கு உறக்கம் போய்விடுகிறது. யோகப் பயிற்சிக்கும் போய்ப் பார்த்தேன். வந்த அமைதி நிலைக்கவில்லை. “சாமியிடம் விட்டுவிடு” என்கிறார் என் மாமியார். முயற்சி திருவினை ஆக்கும் என்று படித்த நான் எதை விடுவது?
– ஒரு வாசகி, பட்டுக்கோட்டை வட்டாரம்.

பதில்: சகோதரி, உங்கள் மாமியார் உழைப்பை விடச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். காற்றில் சாயக்கூடிய ஒன்றில் மனத்தைக் கட்டி வைத்தால், மரம் ஆடும்போதெல்லாம் மனமும் ஆடத்தான் செய்யும். தோப்பு சோறு போடும். அமைதியைத் தரும் பொறுப்பையும் அதன் தலையில் ஏற்றிவிட்டோம்.

திருவையாற்றில் ஆடி அமாவாசையன்று அப்பர் கயிலைக் காட்சி நடைபெறுவதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். கயிலையைக் கண்டே தீர்வதென்று புறப்பட்ட அப்பர் பெருமான், கால் தேய்ந்தபின் கைகளாலும், கைகள் சலித்தபின் மார்பாலும் ஊர்ந்து, உடம்பில் இனி ஒன்றும் மிச்சமில்லை என்ற நிலையில்தான், அங்கிருந்த பொய்கையில் மூழ்குமாறு இறைவன் பணித்தார். மூழ்கியவர் எழுந்தது காவிரிக் கரையில், ஐயாறப்பர் கோயில் குளத்தில். அவர் தேடிப் போன காட்சி, அவர் விட்டுச் சென்ற சோழ நாட்டிலேயே அவருக்குக் கிடைத்தது. அவ்வளவு நடந்தும் அவர் அடையாமல் நின்ற இடத்தை அருள் ஒரு முழுக்கில் கடத்திவிட்டது. ஆனால் அவர் திருவுருவத்தை உற்றுப் பாருங்கள்: கையில் உழவாரம் இருக்கும். கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கிய கருவி அது. முழுமையாகச் சரணடைந்தவர் கடைசிவரை அதைக் கீழே வைக்கவில்லை.

என் தந்தையார் சித்திரையில் நல்லேர் பூட்டும்போது, வயலில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, ஒரு பிடி மண்ணை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்ட பிறகே மேழியைத் தொடுவார். கடைமடைக்காரர் அவர்; மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும் என்ற உறுதி எந்த ஆண்டும் இருந்ததில்லை. ஆயினும் அவர் இரவில் புரண்டு படுத்து நான் பார்த்ததில்லை.

மரம் சாயாது என்று இறைவன் வாக்குக் கொடுப்பதாக நான் உங்களிடம் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது பக்தியாகாது. சாய்ந்தாலும் அவன் உங்களைக் கைவிடுவதில்லை என்பதே நான் நம்புவது. அந்த இரவுக்குப் பிறகு மீண்டும் கன்று வைக்கும் மனத்தை உங்களுக்குத் தந்தது யார் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த ஐப்பசிக்கு முன் முற்றிய காய்களைப் பறித்து, காய்ந்த மட்டைகளைக் கழித்து, மரத்தின் தலைப் பாரத்தைக் குறைத்துவிடுங்கள். காப்பீட்டுத் தவணை பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள். அந்தியில் விளக்கேற்றி, “என் கையால் ஆனது இவ்வளவு, மற்றது உன்னுடையது” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் படுங்கள். முதல் நாளே உறக்கம் வராமல் போகலாம். அதை நம்பிக்கைக் குறைவென்று எண்ணி வருந்தாமல், மறுநாளும் சொல்லுங்கள்.