கொளுத்தும் வெயிலில் பாலைவன நடை: குமரி வாசகர்களுக்குப் பதில்கள்

தக்கலை: மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டாளிகளோடு வாதியில் (மலைகளுக்கு இடையே வறண்டு கிடக்கும் ஆற்றுப் பள்ளத்தாக்கு) நடக்கப் போகிறானாம். எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும்?

15–20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர், மணிக்கு ஒரு லிட்டர் வரை. ஐந்து மணி நேர நடைக்கு ஐந்து லிட்டர், வழி தவறினால் என்று இன்னும் இரண்டு. ஆக ஏழு கிலோ முதுகில் ஏறும். அந்தச் சுமையே உடம்பைச் சூடாக்கும். பாட்டிலில் தண்ணீர் மிச்சமிருக்கும்போதே சுருண்டு விழுகிறவர்கள் உண்டு. 45 டிகிரிக் காற்றில் உடல்சூடு வெளியேற வியர்வை ஒன்றுதான் வழி. வேகமாக நடந்தால் அதுவும் ஈடுகொடுக்காது. அதனால் லிட்டர் கணக்கைவிட மணிக் கணக்கைப் பாருங்கள். விடியுமுன் கிளம்பி ஒன்பது மணிக்குள் வண்டிக்குத் திரும்பிவிட வேண்டும். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும், எங்கே நின்றாலும் சரி, திரும்ப வேண்டும். பள்ளத்தாக்கில் இறங்குவது காலைக் குளிரில், ஏறுவது வெயிலில். ஏற்றத்துக்கு இரட்டிப்பு நேரம் வையுங்கள். எங்கோ தூரத்து மலையில் பெய்த மழை வாதியில் வெள்ளமாக வரும். மேகம் திரண்டால் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். எங்களைக் கேட்டால், டிசம்பர் வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

குளச்சல்: வள்ளத்தில் உச்சிவெயிலில் நின்று பழகிய உடம்பு இது. அமீரகத்து அல் ஐன் பாலை மணல் என்ன செய்துவிடும்?

இந்த நினைப்புதான் ஆளைக் கவிழ்க்கிறது. நம் கடற்கரையில் ஈரக்காற்று. வியர்வை காயாமல் சட்டை முதுகில் ஒட்டும், தண்ணீர் போவது தெரியும். அங்கே வியர்வை தோலில் நிற்காமல் ஆவியாகிவிடும். வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் போயிருக்கும். சட்டையிலும் தொப்பி விளிம்பிலும் வெள்ளைக் கோடாக உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பழக்கமும் நிலைக்காது. உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஒரு மாதம் விலகியிருந்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனி, ஆடிச் சாரலில் ஊரில் லீவு கழித்துவிட்டு விமானம் ஏறுகிறவர் வெயிலுக்குப் புது ஆள்தான். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கவே தடை. சும்மா நடக்கப் போகிறவருக்கு அந்த நேரத்தில் என்ன அவசரம்?

நாகர்கோவில்: வெறும் தண்ணீர் போதுமா? அக்கானி (பதநீர்) கொண்டுபோகலாமா?

இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் உப்பும் வேண்டும். வெறும் தண்ணீரையே மணிக்கு ஒன்றரை லிட்டர் என்று ஊற்றிக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் குறையும்: தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், பிறகு குழப்பம். இதைத் தாகம் என்று நினைத்து மேலும் குடிப்பார்கள், நிலைமை மோசமாகும். ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் (பெரியதற்கு ஒரு லிட்டர்) முழுசாகக் கரையுங்கள்; தம்ளருக்குக் கொஞ்சமாகத் தூவினால் அளவு தப்பும். வீட்டில் என்றால் லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அக்கானி சூட்டில் சீக்கிரம் புளித்துவிடும், பையில் வேண்டாம். உப்புக் கடலை நல்லது.

ஆரல்வாய்மொழி: கூட வந்தவர் உளறுகிறார், கால் பின்னுகிறது. முதலில் என்ன செய்ய?

இது வெப்பத்தாக்கு. வியர்வை நிற்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடந்து விழுந்தவருக்கு வியர்த்துக்கொண்டும் இருக்கும். முதலில் குளிர வையுங்கள், பிறகுதான் வண்டி. சுடுமணலில் கிடத்தாமல் பாய், பை எதையாவது அடியில் போட்டுக் குடை பிடியுங்கள். சட்டையைக் கழற்றி, துவர்த்தை (துண்டை) நனைத்துப் போர்த்தி, தண்ணீர் தெளித்து விடாமல் விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு. தொட்டி கிடைத்தால் கழுத்துவரை இறக்கித் தலையைத் தாங்கிக்கொள்ளுங்கள். அதைவிட வேகமான வழி இல்லை. நினைவு தெளியாதவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் பயன்படாது. நம் ஊரில் 108, அமீரகத்தில் 998, ஓமனில் 9999.

கொட்டாரம்: மே மாதம் மருந்துவாழ் மலை ஏறலாமா?

விடியற்காலை ஏறி எட்டு, ஒன்பதுக்குள் இறங்கினால் ஏறலாம். மதியம் மொட்டைப்பாறை மேலிருந்தும் கீழிருந்தும் சுடும். செருப்பில்லாமல் ஏறுகிறவர்கள் இறங்கும் நேரத்தை யோசிப்பதே இல்லை.

மார்த்தாண்டம்: பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

அது நீர் பிரியவைக்கும் வகையா, இதயத்துடிப்பைக் குறைக்கும் வகையா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரண்டுமே வெயிலைத் தாங்கும் திறனைக் குறைக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம். நடையை மார்கழிக்குத் தள்ளிவையுங்கள்.