பிரிட்டிஷ் ராக் குழு டீப் பர்ப்பிளின் ‘மேட் இன் ஜப்பான்’ என்ற மேடைக் கச்சேரி ஆல்பம் எனக்கு வெறும் இரைச்சலாகத்தான் கேட்கிறது. இதை ஏன் இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள்?

கேள்விக்கு அடியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள்: “ப்ளூடூத் ஸ்பீக்கரில் முழுசாகக் கேட்டேன், எது கிட்டார், எது கீபோர்டு என்றே பிரியவில்லை.” பதில் அந்த வரிக்குள்ளேயே இருக்கிறது. குறை உங்கள் காதிலும் இல்லை, ரெக்கார்டிலும் இல்லை.

உள்ளங்கையில் அடங்கும் ப்ளூடூத் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை மோனோ. இடது, வலது இரண்டையும் கூட்டி ஒரே வாயால் பேசும். நிறையப் பாட்டுக்கு அது பரவாயில்லை. இந்த ஆல்பத்துக்கு மட்டும் கொலை. ஏனென்றால் குழுவின் கீபோர்டுக்காரர் ஜான் லார்டு தன் ஹேமண்ட் சி-3 ஆர்கனை மார்ஷல் கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் சொருகி வாசித்தவர். தேவாலய ஆர்கன் மாதிரி வழுவழுப்பாக வராது, கரகரவென்று பல்லைக் கடித்துக்கொண்டு வரும். கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரும் 200 வாட் மார்ஷலில்தான். இரண்டுக்கும் ஒரே கரகரப்பு, ஒரே நடு அலைவரிசை. மேடையில் இருவரும் ஆளுக்கொரு ஓரம். மிக்ஸிங்கிலும் அப்படியே ஒருவரை ஒரு காதிலும் மற்றவரை மறு காதிலும் வைத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியை மோனோ அழித்துவிட்டால் மிஞ்சுவது நீங்கள் கேட்ட அந்த இரைச்சல்தான்.

அதனால் முதலில் ஒயர் வைத்த சாதாரண ஹெட்ஃபோன் ஒன்றை எடுங்கள். விலை உயர்ந்தது தேவையில்லை. போன் செட்டிங்ஸில் அணுகல் வசதிகள் பகுதியில் ‘மோனோ ஆடியோ’ என்று ஒன்று இருக்கும், அது அணைந்திருக்கிறதா பாருங்கள். சிலருக்கு அது தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும். ஈக்வலைசரை நேராக விடுங்கள், பேஸ் பூஸ்ட் வேண்டவே வேண்டாம். ரோஜர் குளோவரின் ரிக்கன்பேக்கர் பேஸ் கிட்டார் அடிவயிற்றில் குமுறுகிற ரகம் இல்லை. கம்பியைத் தட்டும் ‘டக்’ என்ற கடி நடு அலைவரிசையில் இருக்கிறது, பூஸ்ட் போட்டால் அது மூழ்கிவிடும். பிறகு பாட்டு ஆப்பில் கிராஸ்ஃபேடைப் பூஜ்யத்தில் வையுங்கள். இல்லையென்றால் ஒரு பாட்டின் கைதட்டல் மேல் அடுத்த பாட்டு ஏறி உட்காரும், நடுவே மேடையில் பேசுவதெல்லாம் போய்விடும். மேடையில் குழுவின் காதுக்கு ஒலி அனுப்பும் மானிட்டர் ஆளிடம் ‘எல்லாவற்றையும் மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாக வையுங்கள்’ என்று கேட்கிற புகழ்பெற்ற வரியே அப்படி ஒரு இடைவெளியில்தான் வருகிறது.

இப்போது முதல் பாட்டு ‘ஹைவே ஸ்டார்’ போடுங்கள். முதலில் இரண்டு காதிலும், பிறகு ஒரு காதை எடுத்துவிட்டு, பிறகு மறு காதை. ஒரு பக்கம் ஆர்கன் ஓங்கி நிற்கும், மறு பக்கம் கிட்டார். எதிராளியின் வாத்தியம் தூரத்தில் லேசாகக் கசிந்து கேட்கும். அந்தக் கசிவைத் தவறு என்று நினைக்காதீர்கள். இந்த ஆல்பத்தின் மதிப்பே பாதி அதில்தான் இருக்கிறது.

எப்படியென்றால், இது 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகா ஃபெஸ்டிவல் ஹாலிலும் 17ஆம் தேதி டோக்கியோ புடோக்கானிலும் 8 டிராக் டேப்பில், அதாவது எட்டே ஒலித்தடங்கள் கொண்ட நாடாவில் பதிவானது. பதிவு செய்தவர் அவர்களுடைய ஸ்டூடியோ ஆல்பங்களின் பொறியாளரான மார்ட்டின் பர்ச். மொத்தம் 8 டிராக்குக்குள் டிரம்ஸ், பேஸ், ஆர்கன், கிட்டார், குரல், கூட்டம் எல்லாம் அடங்க வேண்டும். டிரம்ஸுக்கு வைத்த பல மைக்குகளை அந்த இடத்திலேயே கலந்து இறக்கியாக வேண்டும், அப்படிக் கலந்ததை அந்தக் காலத்தில் பிறகு பிரிக்கவே வழியில்லை. இது ஒன்று. பாடகர் மைக்கில் டிரம்ஸ் விழும், டிரம்ஸ் மைக்கில் கிட்டார் விழும். பின்னால் ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒரு வரியைத் திரும்பப் பாடிச் சேர்த்தாலும் பழைய வரி மற்ற மைக்குகளில் ஆவி மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும். இது இரண்டு. ஆகவே ‘ஓவர்டப் (பின்னால் சேர்த்த ஒலி) எதுவும் இல்லை’ என்று குழு சொல்வதை நம்பக் காரணம் இருக்கிறது. அந்தப் பத்தாண்டில் வந்த பல லைவ் ஆல்பங்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது. தின் லிசி குழுவின் ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’ எத்தனை சதவீதம் மேடை, எத்தனை சதவீதம் ஸ்டூடியோ என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

இன்னொரு வேடிக்கை, குழுவுக்கே இதில் பெரிய ஆர்வம் இருக்கவில்லை. லைவ் ஆல்பம் வேண்டும் என்று கேட்டது ஜப்பானிய ரெக்கார்டு கம்பெனி, ஜப்பானில் மட்டும் வெளியிடுவதாகத்தான் முதல் யோசனை. மிக்ஸிங்குக்குப் போய் உட்கார்ந்தவர்கள் குளோவரும் டிரம்மர் இயன் பெய்ஸும் மட்டுமே. பாடகர் இயன் கில்லன் தன் குரலில் திருப்தி இல்லை என்று பிற்பாடு சொன்னவர். மூன்று ராத்திரியிலிருந்து 7 பாட்டுகளைப் பொறுக்கி இரட்டை எல்.பி.யாக 1972 டிசம்பரில் பிரிட்டனில் வந்தது, அமெரிக்காவுக்கு அடுத்த வருடம்தான்.

7 பாட்டில் டோக்கியோவிலிருந்து எடுத்தது இரண்டு, ‘தி மியூல்’, ‘லேஸி’. மீதி ஐந்தும் ஒசாகா. புடோக்கான் 1964 ஒலிம்பிக்ஸ் ஜூடோவுக்காகக் கட்டிய பெரிய எண்கோண அரங்கம், ஃபெஸ்டிவல் ஹால் கச்சேரிக்கென்றே கட்டியது. ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ ஸ்னேர் டிரம் அடியையும் ‘தி மியூல்’ ஸ்னேர் அடியையும் அடுத்தடுத்துப் போட்டு, அடி விழுந்த பிறகு அறை எவ்வளவு நேரம் பதில் சொல்கிறது என்று கவனியுங்கள். ‘தி மியூல்’ பெரும்பகுதி பெய்ஸின் டிரம் சோலோ. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்கள் இதையும் தாண்டித்தான் போவார்கள், அவர்களைத் திருத்த முடியாது. மற்றவர்கள் ஸ்னேரில் ஒற்றைக் கையால் உருளுவதை மட்டும் கவனித்தால் போதும். பெய்ஸ் இடக்கையர், டிரம்ஸ் அடுக்கியிருப்பதே தலைகீழாக.

‘சைல்ட் இன் டைம்’ 12 நிமிடம். ஆர்கன் மெல்ல ஆரம்பிக்கும் அந்த மெட்டு, இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே என்ற சான்பிரான்சிஸ்கோ குழுவின் ‘பாம்பே காலிங்’ என்ற வாத்திய இசையிலிருந்து எடுத்தது, குழுவே ஒப்புக்கொண்டது. (பெயரைப் பார்த்து நம் ஊர் ராகம் ஏதும் தேட வேண்டாம்.) ஒலியை இங்கே வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். கில்லன் முணுமுணுக்கும் முதல் அடிகள் தெளிவாகக் கேட்கிற அளவுக்கு ஏற்றிவிட்டு, பிறகு கையை எடுத்துவிடுங்கள். அலறல் வரும்போது குறைக்கக் கூடாது. இதற்காகத்தான் ஆப்பில் ‘ஒலி அளவைச் சமப்படுத்து’ என்பதையும் அணைக்கச் சொல்வது. சில ஆப்களில் அது ஒவ்வொரு பாட்டையும் தனியாக ஏற்றி இறக்கும், ஒரே கச்சேரி என்ற உணர்வு போய்விடும்.

‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்’ நடுவே கிட்டார் ஒரு வரி வாசிக்க, கில்லன் அதைத் தொண்டையில் திருப்பித் தருவார். வரி நீண்டுகொண்டே போகும். கடைசிப் பாட்டு ‘ஸ்பேஸ் டிரக்கின்’ ஸ்டூடியோவில் நாலரை நிமிடம், இங்கே கிட்டத்தட்ட 20. நடுவில் பிளாக்மோர் கம்பியை மீட்டும்போது வால்யூம் குமிழை மூடி வைத்து, பிறகு சுண்டுவிரலால் திறப்பார். மீட்டும் ‘டிங்’ கேட்காது, செல்லோ மாதிரி ஒலி மட்டும் ஊறி வரும். பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பாட்டை இரண்டாம் தடவைக்கு வைத்துக்கொள்ளலாம், அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

‘ஸ்மோக்’ பற்றிச் சொல்லும்போது ஒரு வயிற்றெரிச்சல், கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். கிட்டார் வகுப்புகளில் சேருகிற பிள்ளைக்கு முதல் நாளே இந்த மெட்டைத் தடித்த கம்பி ஒன்றில் 0, 3, 5 என்று (கம்பியை அழுத்தும் கட்டத்தின் எண், 0 என்றால் அழுத்தாமல்) சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கொஞ்சம் முன்னேறியவர்களுக்குப் பவர் கார்டு, அதாவது ச-வும் அதற்கு மேல் ப-வும் சேர்ந்தது. இரண்டும் தப்பு. அது இரண்டு கம்பியில் வாசிப்பது. ஒவ்வொரு சுரத்துக்கும் அதன் கீழ்ப் பஞ்சமம் கூட வரும், நம் பாஷையில் மேலே ச என்றால் அடியில் மந்திர ப. நான்காவது கம்பியையும் மூன்றாவது கம்பியையும் ஒன்றாக எடுத்து 0-3-5, 0-3-6-5, 0-3-5-3-0 என்று வாசித்தாலே வந்துவிடும். பவர் கார்டில் ச அடியில் போய்விடுவதால் கனம் கூடி மழுங்கும். அதோடு பிளெக்ட்ரம் (மீட்டும் வில்லை) இரண்டு கம்பியையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் உரசும். பிளாக்மோர் விரலால் இரண்டையும் ஒரே நொடியில் கிள்ளி எடுக்கிறார், அந்த வெட்டு அதனால் வருவது. ஒரு மாதக் கட்டணம் வாங்குகிறவர்கள் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகாது.

தி ஹூ குழுவின் ‘லைவ் அட் லீட்ஸ்’ ஆல்பம்தான் உசத்தி என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு, வாருங்கள், சண்டை இல்லை. 1970இல் வந்தபோது அது 6 பாட்டு, ஒரே தட்டு, ஓரிடத்திலும் தொய்வில்லாதது. ‘ஸ்பேஸ் டிரக்கின்’ நடுவில் தொய்வு உண்டு, மறைக்கவில்லை.

எந்தப் பதிப்பு என்றும் கேட்டிருந்தீர்கள். 7 பாட்டு, மொத்தம் 76 நிமிடம் சொச்சம் என்று காட்டினால் அது பழைய வரிசை. அதில் ஆரம்பியுங்கள். 1998இல் வந்த இரண்டு சி.டி. பதிப்பில் கடைசியில் ‘பிளாக் நைட்’, ‘ஸ்பீட் கிங்’, ‘லூசில்’ மூன்றும் கூடுதல். 1993இன் மூன்று சி.டி. ‘லைவ் இன் ஜப்பான்’ மூன்று ராத்திரியையும் ஏறக்குறைய முழுதாகத் தருகிறது. ஒரே பாட்டு மூன்று நாளில் எப்படி மாறுகிறது என்று பார்க்க அதுதான் வசதி, ஆனால் முதல் தடவைக்கு அது வேண்டாம். பிற்காலத்தில் புதிதாக மிக்ஸ் செய்து வந்தவையும் இருக்கின்றன. பழையது காதில் ஊறிய பிறகு அவற்றை எடுத்தால்தான் எதை மாற்றியிருக்கிறார்கள் என்று தெரியும்.

பழைய எல்.பி. வாங்குவதென்றால் முதல் பக்கத்தின் கடைசியைப் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடும், லேபிள் அருகே 20 சொச்சம்தான். அதே விவரம் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்டியிருக்கும். ‘சைல்ட் இன் டைம்’ உச்ச அலறல் சரியாக அந்த இடத்தில் வந்து விழுகிறது. தேய்ந்த ஊசியால் அரைத்த தட்டாக இருந்தால் அங்கே குரல் தகரத்தைக் கீறுவது மாதிரி பிசிறும், பிசிறு தட்டைக் கழுவினாலும் போகாது. வெறும் ‘பட் பட்’ சத்தம் என்றால் தூசிதான், கழுவினால் பெரும்பாலும் போய்விடும், வாங்கலாம்.