ஒரே இடத்துக்கு ஏன் இத்தனை படங்கள்?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

இந்த இதழுக்குத் தேர்ந்தெடுத்த மூன்று கேள்விகளும் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்தவை.

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உண்டு. நாக்கின் ஓரத்தில் புற்றுநோய் என்று கண்டறிந்து, ஈப்போவில் சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்து, அறுவை சிகிச்சையும் செய்துவிட்டார்கள். இப்போது கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக மீண்டும் சி.டி. எடுக்க வேண்டுமாம், முகமூடியும் செய்ய வேண்டுமாம். பழைய படங்கள் போதாவா? இவ்வளவு கதிர் உடம்பில் பட்டால் கெடுதி இல்லையா?

பதில்: போதா. ஒவ்வொரு படமும் வெவ்வேறு கேள்விக்கு விடை தேடி எடுக்கப்பட்டது. முதல் சி.டி., நோய் தாடை எலும்பை அரித்திருக்கிறதா, கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. எலும்பைக் காட்டுவதில் சி.டி. தேர்ந்தது, நாக்கின் தசைக்குள் புற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ.தான் தெளிவாகக் காட்டும். வாய்ப்புற்றின் நிலையைக் கணிக்கும் உலகளாவிய வகைப்பாட்டில், 2018 முதல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பு, புண்ணின் அகலத்தோடு ஆழத்தையும் கணக்கில் சேர்த்தது. ஆகவே அந்த எம்.ஆர்.ஐ. வீண் செலவன்று.

இப்போது கேட்பது நோயைக் கண்டுபிடிக்கும் படமே அன்று, அளவெடுக்கும் படம். அறுவைக்குப் பிறகு நாக்கும் கழுத்தும் முன்பிருந்த வடிவில் இல்லை. மேலும், சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஓர் எண் இருக்கிறது: தண்ணீருக்கு 0, காற்றுக்கு –1000, கெட்டியான எலும்புக்கு 1000-க்கும் மேல். 1971-இல் லண்டனில் முதல் நோயாளிக்குத் தம் கருவியால் தலைப்படம் எடுத்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயராலேயே இந்த எண்கள் அழைக்கப்படுகின்றன. அவரும், சி.டி.க்கு அடிப்படையான கணிதத்தை வகுத்த ஆலன் கார்மாக்கும் 1979-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கதிர் எந்த இடத்தில் எவ்வளவு தடுக்கப்படும், எவ்வளவு உள்ளே போய்ச் சேரும் என்பதைத் திட்டமிடும் கணினி இந்த எண்களைக் கொண்டே கணக்கிடுகிறது. எம்.ஆர்.ஐ. படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்த எண்ணை நேரடியாகத் தருவதில்லை. அதனால்தான் அதைப் புதிய சி.டி.யின் மேல் பொருத்தி, இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

முகமூடி அசையாமலிருப்பதற்காக. வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் படிய வைத்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். மூச்சு விடத் தடையிராது. அதே முகமூடியோடு, அதே தட்டையான பலகையில், அதே கிடையில் தினமும் படுத்தால்தான் திட்டம் பலிக்கும். புதுப் பட்டையைத் திறக்கும் முன் கத்தி போகவேண்டிய சாய்வை ரப்பர் மரத்தில் கோடு போட்டுக் குறிப்பார்கள் அல்லவா, அப்படித்தான் இதுவும் என்று சொன்னால் உங்கள் தந்தைக்கு என்னைவிட நன்றாகவே விளங்கும்.

குறிப்பதிலும் வேலை அதிகம். புற்று இருந்த இடம், நெறிக்கட்டிகள் ஆகியவற்றோடு, காப்பாற்ற வேண்டிய உமிழ்நீர்ச் சுரப்பி, தண்டுவடம், தாடை எலும்பு ஆகியவற்றையும் மருத்துவர் ஒவ்வொரு படத்திலும் கோடிட்டுக் காட்டுவார். அண்மைக் காலமாகச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் உறுப்புகளின் எல்லையை விரைவாக வரைந்து தருகிறது. ஆனால் அறுவையால் உருமாறிய வாயில் அது தடுமாறும், ஆகவே மருத்துவர் சரிபார்த்த பிறகே திட்டம் செல்லும். சிகிச்சைக் காலத்தில் உங்கள் தந்தை மெலிந்து முகமூடி தளர்ந்தால் இன்னொரு சி.டி. தேவைப்படலாம். அதைக் குளறுபடி என்று எண்ண வேண்டாம். அக்கறையாகத் திட்டத்தைத் திருத்துகிறார்கள் என்று கொள்ளுங்கள்.

கெடுதியைப் பற்றி: எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே போன்ற கதிரே கிடையாது. கழுத்து சி.டி.யில் படுவது சில மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் மனிதர் எவருக்கும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் எப்படியும் படுகிறது. அறுவைக்குப் பின் வாய்ப்புற்றுக்கு வழக்கமாகத் தரும் சிகிச்சை அளவோ 60 கிரே (திசுவில் சேரும் கதிரின் அலகு, மில்லிசீவர்ட்டைவிடப் பன்மடங்கு பெரியது), அதாவது ஆறு வாரங்களில் 30 தவணைகள். அது படவேண்டிய இடத்தில் படுவதை உறுதி செய்ய ஒரு சி.டி. கூடுதலாக எடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கேள்வி: செம்பனை எண்ணெய் ஆலையில் வெல்டிங் வேலை செய்கிறேன். முதுகுவலிக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனபோது கண்ணைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அடுத்த மாதம் என் மனைவிக்கும் எடுக்க வேண்டும். தாலியைக் கழற்ற அவருக்கு மனமில்லை. என்ன செய்வது?

பதில்: சாணை பிடிக்கும்போது தெறித்த இரும்புத் துகள் கண்ணுக்குள் தங்கியிருந்தால், எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் அதை நகர்த்திப் பார்வையைப் பறித்துவிடலாம். 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) காந்தத்தின் வலிமை பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறத்தாழ 30,000 மடங்கு. படம் எடுக்காத நேரத்திலும் அது அணைவதில்லை. எப்போதோ கண்ணில் துகள் பட்டதாக நினைவிருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். முதலில் கண்ணை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் உலோகம் சூடேறலாம், அருகிலுள்ள படத்தையும் குலைக்கும். நான் அதிகம் அஞ்சுவது தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊக்கைத்தான், ஏனெனில் அது இரும்பு, பாய்ந்துவிடும். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு வரும் பெண்கள் பலர் உண்டு. அதற்கு எந்த ரேடியோகிராபரும் மறுப்புச் சொல்லமாட்டார்.

கேள்வி: எனக்கு 58 வயது, நீரிழிவு உண்டு, மற்றபடி நலம். கோலாலம்பூரில் இருக்கும் மகன், பெட் ஸ்கேன் எடுத்தால் உடம்பில் எங்கு புற்று இருந்தாலும் தெரிந்துவிடும், செலவு நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்தி, அதை எந்தத் திசு மிகுதியாக உறிஞ்சுகிறது என்று பார்ப்பதே அந்தச் சோதனை. புற்று மட்டுமா உறிஞ்சும்? மூளை எப்போதும் ஒளிரும். காசநோய்ப் புண்ணும் வேறு அழற்சியும் ஒளிரும். நீரிழிவு கட்டுப்படாமலிருந்தால் படமே மங்கிவிடும். ஒளிர்ந்த ஒன்றைத் துரத்திக்கொண்டு ஊசிச் சோதனை, கவலை என்று அலைய நேரிடும்.

அதற்கு உரிய இடத்தில் அதன் பயன் பெரிது. 2016-இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவிய தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிரும் மருந்தும் சேர்த்துப் பெற்ற 564 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குத் திட்டமிட்டபடி கழுத்து அறுவை செய்தார்கள். மற்றப் பிரிவினருக்குச் சிகிச்சை முடிந்து 12 வாரங்களுக்குப் பின் பெட்–சி.டி. எடுத்து, தேவையென்று தெரிந்தவருக்கு மட்டும் செய்தார்கள். முதற்பிரிவில் 221 அறுவைகள், இரண்டாவதில் 54. உயிர்பிழைப்பில் இரண்டாம் பிரிவினர் பின்தங்கவில்லை.

உங்களுக்குத் தேவையான படம் வேறு: விழித்திரைப் படம். நீரிழிவு உள்ளவர் ஆண்டுதோறும் எடுக்க வேண்டியது அது. பார்வை மங்குவதற்கு முன்பே இரத்தக் குழாய்க் கசிவைக் காட்டிவிடும். அரசு சுகாதாரக் கிளினிக்குகள் பலவற்றில் அதற்கான கேமரா இருக்கிறது. அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது கேளுங்கள்.