பழைய ஆப்பிள் மரம்: அடியில் துளிர்த்த கன்றை நம்பலாமா?

கேள்வி: அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், வில்லமெட் பள்ளத்தாக்கில் பழைய பண்ணை வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். முதல் குடியேறிகள் நட்டதாகச் சொல்லும் ஆப்பிள் மரம் பின்புறம் நிற்கிறது. அடிமரம் பொந்து விழுந்தும் காய்க்கிறது. அடியில் துளிர்த்த கன்றைப் பிரித்து நட்டுவிட்டு மரத்தை வெட்டிவிடலாமா?

பதில்: தயவுசெய்து வெட்டாதீர்கள். அந்தக் கன்று வேறு ரகமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

1847இல் ஹெண்டர்சன் லுவெல்லிங் என்ற விவசாயி, மண் நிரப்பிய மாட்டு வண்டியில் சுமார் 700 பழக்கன்றுகளை அயோவாவிலிருந்து ஒரிகன் வரை கொண்டுவந்தார். வழியெல்லாம் தண்ணீர் ஊற்றியும் ஏறக்குறைய பாதிதான் பிழைத்தது. அவை ஒட்டுக்கன்றுகள். அங்கே பழைய தோப்பு மரங்கள் பலவும் ஒட்டுக் கட்டியவையே. ஒட்டு மாங்கன்றில் ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளி எறிவோமே, அதே கதைதான். அடியில் வருவது வேர்ச்செடியின், அதாவது ஒட்டுக்குக் கீழே வேராக நிற்கும் வேறு செடியின் துளிர். வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில் 1826இல் விதையிலிருந்து வளர்த்த மரம் இதற்கு விதிவிலக்கு. 2020இல் அது பட்டுப்போனாலும், வேரிலிருந்து கிளம்பிய கன்றுகள் அதே ரகம்தான். உங்கள் மரம் எது என்று தெரியாதவரை ஒட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். விதை போட்டாலும் தாயைப் போல வராது, அயல் மகரந்தம் கலந்துவிடும்.

ஆகவே மேல்கிளைக் குச்சிதான் வழி. ஜனவரி, பிப்ரவரியில் மரம் உறங்கும்போது, போன கோடையில் வளர்ந்த பென்சில் கனக் குச்சிகளை வெட்டுங்கள். ஈரத்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். பக்கத்தில் பழம் வேண்டாம், அது விடும் எத்திலீன் வாயு மொட்டுகளைக் கெடுக்கும். அப்புறம் மார்ச், ஏப்ரலில் புது வேர்ச்செடிகளில் ஒட்டுக் கட்டலாம். ஒன்றோடு நிறுத்தாமல் நாலைந்தாவது கட்டுங்கள். இளங்குச்சியே இல்லையென்றால், இந்தக் குளிர்காலத்தில் லேசாகக் கவாத்து செய்துவிட்டு அடுத்த ஆண்டு எடுங்கள். ஒரே ஆண்டில் கால் பங்குக்கு மேல் கழிக்கக் கூடாது, கிழட்டு மரம் தாங்காது.

பொந்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மரத்தின் உயிரோட்டம் பட்டைக்கு அடியில்தான். சிமென்ட் வைத்து அடைத்தால் ஈரம் தேங்கி இன்னும் அழுகும். சாயும் கிளைக்கு முட்டுக் கொடுங்கள். வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் மட்டும் மரமருத்துவம் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள்.

ரகத்தின் பெயர் தெரிய, வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டிஎன்ஏ சோதனைக்கு இலை அனுப்பலாம். குச்சி எடுப்பதை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.